இரண்டு டாலர் வாக்கு: ‘தி கிரேட் மெக்கின்டி’ என்னும் நகைச்சுவைப் படமும் அமெரிக்க நகர அரசியல் வரலாறும்

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் நிறுத்தினார் தொல்காப்பியர். அந்நகை பிறக்கும் நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக எண்ணினார். அவற்றுள் எள்ளலுக்கு உரைகண்ட பேராசிரியர், ஒருவன் பிறரை எள்ளி நகுதலும், தான் பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதலும் என அதனை இரு கூறாக்கிக் காட்டினார். முதற்கூறு யாவர்க்கும் எளிதின் விளங்கும். இரண்டாவது அத்துணை எளிதன்று. எள்ளப்பட்டவன் நகுவானேன்? அவனுக்கு வெகுளியன்றோ பிறத்தல் வேண்டும்? இவ்வினாவை உள்ளத்தே கொண்டு, 1940-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் வெளிவந்த ஒரு தேர்தல் நகைச்சுவைப் படத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தேர்தல் என்னும் சொல் செவியில் விழுந்த அளவிலே உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கு விரைதல் நம் கட்டுரையாளர் பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. அவ்வழி நாம் செல்லவில்லை. குடவோலைக்கும் இப்படம் காட்டும் வாக்குச் சீட்டுக்கும் யாதொரு தொடர்பும் இன்மையின் என்க.

‘தி கிரேட் மெக்கின்டி’ என்பது படத்தின் பெயர். எழுதி இயக்கியவர் பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் (1898-1959). சிக்காகோவில் பிறந்து, 1929-இல் நியூயார்க்கு நாடக மேடையில் புகழ்பெற்று, பின்னர்த் திரைக்கதை எழுதுவாராய் ஹாலிவுட் சென்றவர். இப்படத்தின் கதையை அவர் எழுதியது 1933-இல். கதை நெடுநாள் ஏற்பாரின்றிக் கிடந்தது. எழுதுபவன் இயக்குவதென்பது அந்நாளைய பெரிய நிறுவனங்களில் அருகிய வழக்கு. ஆதலின் ஸ்டர்ஜஸ் பாரமவுண்ட் நிறுவனத்தாரிடம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். இயக்கும் பொறுப்பைத் தமக்கே தருவதாயின், கதையைப் பத்து டாலருக்குத் தருவதாகச் சொன்னார், அவ்வாறே தந்தார். படத்தில் ஒரு கள்ள வாக்கின் விலை இரண்டு டாலர். ஐந்து கள்ள வாக்குகளின் விலைக்கு விற்கப்பட்ட அக்கதையே, மூலத் திரைக்கதைக்கென அவ்வாண்டு புதிதாக ஏற்படுத்தப்பட்ட ஆஸ்கர் பரிசினை முதன்முதலாகப் பெற்றது. அப்போட்டியில் பின்தங்கிய படங்களுள் சார்லி சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ ஒன்று என்பதையும் குறித்தல் தகும்.

கதையைச் சுருங்கக் கூறுவோம். வெப்ப நாட்டுத் துறைமுகம் ஒன்றில் ஒரு மதுக்கடை. நாடு விட்டு ஓடிவந்த வங்கிக் காசாளன் ஒருவன் அங்குத் தன்னை மாய்த்துக்கொள்ள முயல்கின்றான். வாழ்நாள் முழுதும் நேர்மையாய் இருந்து, ஒரு கணம் மதிமயங்கித் திருடியவன் அவன். கடையில் மது ஊற்றித் தரும் பணியாளன் அவனைத் தடுத்துத் தன் வரலாற்றை உரைக்கத் தொடங்குகின்றான். இப்பணியாளனோ வாழ்நாள் முழுதும் நேர்மையின்றி இருந்து, ஒரு கணம் மதிமயங்கி நேர்மையாய் நடந்தவன். இருவரும் நாடிழந்தமைக்குக் காரணம் அவ்வொரு கணமே. இம்முரணைப் படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவித்துவிடுகின்றார் ஸ்டர்ஜஸ். முடிவை முன்னரே சொல்லிவிட்டமையின், காண்போர் என்ன நிகழும் என்று காத்திருப்பதில்லை. எவ்வாறு நிகழ்ந்தது என்பதையே நோக்குவர். வரலாறு கற்போர் நோக்கும் அஃதே.

பணியாளனின் பெயர் டான் மெக்கின்டி (நடித்தவர் பிரயன் டான்லெவி). பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையின்றி, உண்ணவும் வழியின்றி, இலவசக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் நாடோடியாய் அவன் நமக்கு அறிமுகமாகின்றான். அன்று மேயர் தேர்தல். கட்சியின் கீழாள் ஒருவன் அவ்வரிசையிலேயே ஆள் பிடிக்கின்றான். சோம்பலால் வாராதவர், நோயில் கிடப்பவர், அண்மையில் இறந்துபட்டவர் ஆகியோர் பெயர் எழுதிய சீட்டுகள் அவன் கையில் உள்ளன. இத்தகையோரின் ஆதரவை மேயர் இழக்க நேர்வது முறையன்றே என்பது அவன் வாதம்! ஒரு வாக்குக்கு இரண்டு டாலர் கூலி. பிறர் ஓரிரண்டு சாவடிகளோடு நிற்க, மெக்கின்டி முப்பத்தேழு முறை வாக்களித்துத் திரும்பி வந்து எழுபத்துநான்கு டாலர் கேட்கின்றான். அத்தொகையைத் தர அக்கீழாளுக்கு அதிகாரம் இல்லை. ஆகலின் மெக்கின்டி மேலிடத்துக்கு அழைத்துச் செல்லப்படுகின்றான். அவனுடைய அரசியல் வாழ்வு தொடங்குவது இவ்வாறே.

இம்முப்பத்தேழு வாக்குகளைக் கண்டு நகாதார் இலர். ஆயினும் இந்நகைப்பின் அடியில் கிடக்கும் வரலாற்றை ஆராய்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க வாக்குச் சீட்டுகளை அரசு அச்சிடவில்லை, கட்சிகளே அச்சிட்டன. ஒவ்வொரு கட்சியின் சீட்டும் நிறத்தாலும் அளவாலும் வேறுபட்டிருந்தமையின், ஒருவன் எக்கட்சிக்கு வாக்களித்தான் என்பதை எட்ட நின்றே காணலாம். அக்காலத்தில் வாக்கை விலைக்கு வாங்குவது ஐயத்திற்கு இடமற்ற வாணிகம். சரக்கு கைமாறியதை வாங்கியவன் கண்ணாலேயே கண்டுகொள்வான். ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் 1856-இல் வழக்கிற்கு வந்த மறைமுக வாக்குமுறை, 1888-இல் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டத்தின் வாயிலாகவும் கென்டக்கியின் லூயிவில் நகரத்திலும் அமெரிக்காவுட் புகுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் அதனை மேற்கொண்டன. விலைக்கு விற்றவன் மறைவிடத்துட் சென்றபின் யாருக்கு முத்திரையிட்டான் என்பதை இனி எவர் அறிவார்? எனவே வாணிகத்தின் முறை மாறிற்று. உண்மை வாக்காளரை விலைக்கு வாங்குவதைவிட, இல்லாத வாக்காளரை உருவாக்குவதே கட்சிக்கு நம்பத்தக்கதாயிற்று. ஒருவனே பல பெயர்களில் வாக்களிப்பது முன்னரும் உண்டு. 1868-இல் நியூயார்க்கு நகரத்தில் நிகழ்ந்த தேர்தல் மோசடிகளை ஆராயக் காங்கிரசே ஒரு குழுவை அமைத்தது. எனினும், வாக்காளர் பட்டியலும் மறைமுகச் சீட்டும் வந்தபின் அத்தொழில் பட்டியலைச் சார்ந்த தொழிலாயிற்று. இறந்தவர் பெயரைப் பட்டியலினின்று நீக்காதிருப்பதே அதன் முதல்.

ஸ்டர்ஜஸ் காட்டும் சீட்டுகள் இவ்வரலாற்றின் எச்சங்களாம். அது பழங்கதை என்று தள்ளுதற்கும் இல்லை. மிசூரி மாநிலத்தின் கான்சஸ் நகரத்தில் 1936-இல் நடந்த தேர்தலில் இல்லாத பெயர்களில் வாக்களித்தமையும் கணக்கை மாற்றியமையும் வழக்குமன்றம் ஏறின. தொடர்ந்த ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். அந்நகரத்தைத் தன் கையகத்தே வைத்திருந்த தாமஸ் பெண்டர்காஸ்ட் 1939-இல் சிறை சென்றார். அதுவும் தேர்தல் மோசடிக்காக அன்று, வருமான வரி ஏய்த்தமைக்காக! அவ்வாண்டு இறுதியிலேயே இப்படத்தின் படப்பிடிப்புத் தொடங்கிற்று. அரங்கில் அமர்ந்து நகைத்தோர் செய்தித்தாளில் அப்பெயர்களைப் படித்தவரே ஆவர்.

கஞ்சி வரிசையைப் பற்றி இன்னும் ஒன்று கூறுதல் வேண்டும். நகரங்களை ஆண்ட கட்சி அமைப்பை அமெரிக்கர் ‘மெஷின்’, அஃதாவது பொறி, என்றே வழங்கினர். அப்பொறி வெறும் அச்சுறுத்தலால் மட்டும் இயங்கவில்லை. நியூயார்க்கின் டாமனி ஹால் அமைப்பைச் சார்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட் என்பாருடைய பேச்சுகளைச் செய்தியாளர் வில்லியம் ரியோர்டன் 1905-இல் நூலாக வெளியிட்டார். தம் வட்டாரத்தில் வீடு எரிந்தவர்க்கு அன்றிரவே உடையும் உறைவிடமும் தந்தமையையும், வேலையற்றவர்க்கு வேலை தேடித் தந்தமையையும் அவர் அதில் பெருமையுடன் விரிக்கின்றார். அரசு ஏழையின் பக்கம் திரும்பாத காலத்தில் திரும்பியது அப்பொறி ஒன்றே. அது கேட்ட விலை ஒரு வாக்கு. ஏழைக்கு அவ்விலை பெரிதாகத் தோன்றவில்லை. படத்தில் கஞ்சியும் வாக்குச்சீட்டும் ஒரே வரிசையில், ஒரே கையால் வழங்கப்படுவதை ஸ்டர்ஜஸ் விளக்கமின்றிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றார். நாம் அங்குச் சற்று நின்று நோக்கினோம். மெக்கின்டியின் குற்றத்தைக் குற்றம் என்று சொல்லுமுன், அவன் அன்று உண்டிருக்கவில்லை என்பதை அக்காட்சி நமக்குச் சொல்லிவிடுகின்றது.

எழுபத்துநான்கு டாலரைக் கேட்டு மெக்கின்டி சென்று சேர்ந்தவனுக்குப் படம் பெயரே தரவில்லை. ‘பாஸ்’ என்பதே அவன் பெயர் (அகிம் டமிராஃப்). இச்சொல் டச்சு மொழியில் தலைவன் எனப் பொருள்படும் ‘பாஸ்’ என்னும் சொல்லினின்று, பழைய நியூயார்க்குக் குடியேற்றத்தின் வழியே அமெரிக்க ஆங்கிலத்துட் புகுந்தது என்பர். பிரபு, எஜமான் முதலிய ஐரோப்பியச் சொற்களைக் குடியரசு நாட்டினர் வெறுத்தமையின், அதிகாரத்தைக் குறிக்க அவர்க்கு ஒரு புதுச்சொல் வேண்டியிருந்தது போலும். படத்துப் பாஸ் தேர்தலில் நிற்பதில்லை. பதவி எதனையும் வகிப்பதில்லை. மெக்கின்டியை முதலில் தண்டல்காரனாகவும், பின்னர் நகரமன்ற உறுப்பினனாகவும் ஆக்குகின்றான். ஊழல் வெளிப்பட்டு மக்கள் சீர்திருத்தம் வேண்டி நிற்கும் போழ்து, சீர்திருத்தக் கட்சியின் மேயர் வேட்பாளனாகவும் அதே மெக்கின்டியையே நிறுத்துகின்றான். சீர்திருத்தக் கட்சியோடு உமக்கு என்ன தொடர்பு என்று மெக்கின்டி வியக்க, இந்நகரத்தில் எல்லாக் கட்சியும் தானே என்று பாஸ் விடையிறுக்கின்றான்.

படத்தின் நடுநாயகம் இவ்விடம் என்பது நம் கருத்து. முப்பத்தேழு கள்ள வாக்குகள் வாக்கின் எண்ணிக்கையைப் பொய்யாக்கின. பாஸின் இவ்விடையோ, உண்மையாய் அளிக்கப்பட்ட வாக்கையும் பொருளற்றதாக்கிவிடுகின்றது. முன்னதைச் சட்டத்தால் தடுக்கலாம். மறைமுகச் சீட்டும் பட்டியல் திருத்தமும் காவலரும் அதற்கெனவே உள்ளன. பின்னதற்கு எச்சட்டம் உண்டு? எதிர்ப்பையும் தன் முதலீட்டிலேயே நடத்துபவனை வாக்காளன் எவ்வாறு அடையாளம் காண்பான்? இவ்வினாவை ஸ்டர்ஜஸ் எழுப்பவில்லை. ஒரு நகைத்துணுக்காக அதனை வீசிவிட்டுச் செல்கின்றார். ஆயினும் படம் முடிந்தபின் எஞ்சி நிற்பது அதுவே.

மேயராவதற்கு மெக்கின்டி மணம் செய்துகொள்ள வேண்டும் எனப் பாஸ் வற்புறுத்துகின்றான். 1920-இல் அரசியல் சட்டத்தின் பத்தொன்பதாம் திருத்தத்தால் பெண்டிர் நாடு முழுதும் வாக்குரிமை பெற்றமையின், மணமாகாதவனை அவர்கள் விரும்பார் என்பது அவன் கணக்கு. மெக்கின்டியின் செயலாளர் கேதரின் (மூரியல் ஏஞ்சலஸ்), முன் மணத்தில் பிறந்த இரு குழந்தைகளை உடையவர், தாமே முன்வந்து பெயரளவில் மனைவியாக இசைகின்றார். பெயரளவில் தொடங்கியது பின்னர் அன்பாகின்றது. குழந்தைத் தொழிலாளர், நெரிசற் குடியிருப்பு, கூலி குறைந்த தொழிற்சாலை ஆகியவற்றைக் கணவனுக்கு உணர்த்துபவரும் அவரே. குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்திய கூட்டரசின் தொழிலாளர் சட்டம் 1938-இல் இயற்றப்பட்டதாகலின், இப்பேச்சும் அந்நாளைய நடப்பையொட்டியதே. முன்னதாக, அரசியலில் கொள்ளையடிப்பவன் அப்பணத்தைச் செலவிடுகின்றான், செலவிட்டது மக்களிடமே சேர்கின்றது, ஆகவே அதில் களவு எங்கே என்று ஒரு வாதம் படத்தில் நிகழ்கின்றது. அவ்வாதத்தை எடுத்து மொழிபவர் இக்கேதரினே என்பது பலர் கருத்திற் படாத செய்தி. தம் தந்தையார் நூல் ஒன்றிற் படித்ததாகவும் சொல்கின்றார். வஞ்சப் புகழ்ச்சியோ, அன்றி நம்பிக்கையோ என்று துணிய இயலாத நிலையில் அவ்வுரையை ஸ்டர்ஜஸ் அமைத்திருப்பது போற்றத்தக்கது. பிளங்கிட் தம் வருவாயை நேர்மையான ஊழல் என வகைப்படுத்திக் கூறியதோடு இதனை ஒப்பிட்டு நோக்குவார்க்கு நயம் விளங்கும்.

மெக்கின்டி மாநில ஆளுநனாகின்றான். அமெரிக்க ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதை நம் மாணவர் மறத்தல் ஆகாது. பதவியேற்றவுடன் பாஸ் வந்து ஓர் அணைக்கட்டுத் திட்டத்தை முன்வைக்கின்றான். அணை என்பது நீரைத் தேக்கும் இடம் என்று பிறர் எண்ண, காங்கிரீட்டை இட்டு நிரப்பும் இடம் என்றே பாஸ் பொருள் காண்கின்றான். எத்துணை இட்டாலும் இன்னும் இடம் உண்டு. முடிந்துவிடுமோ என்று அஞ்சினால் ஒரு விரிசலைக் கண்டுபிடித்தால் போதும்! இத்துணைத் தெளிவாக ஒப்பந்தப் பணியின் இலக்கணத்தை வகுத்த நகைச்சுவை பிறிதொன்றை நாம் கண்டதில்லை. மெக்கின்டி மறுக்கின்றான். அவன் வாழ்வின் நேர்மையான அவ்வொரு கணம் இதுவே. பாஸ் அவனைச் சுட முயன்று சிறைப்படுகின்றான். மேயராயிருந்த காலத்தில் கட்டிய பாலத்தின் ஊழலுக்காக மெக்கின்டியும் சிறை புகுகின்றான். முன்னாள் கீழாளே காவலன் வேடத்தில் வந்து இருவரையும் வெளியேற்ற, மூவரும் நாடு கடந்து ஓடுகின்றனர்.

இம்முடிவைப் புனைவின் மிகை என ஒதுக்குவார் உளர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. டாமனி ஹாலின் ஆதரவால் 1912-இல் நியூயார்க்கு மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வில்லியம் சல்சர். பதவியேற்றபின் அவ்வமைப்பின் தலைவர் சார்லஸ் மர்ஃபியின் ஆணைகளை ஏற்க மறுத்தார். 1913 ஆகஸ்டில் சட்டமன்றம் அவர்மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டைக் கொணர்ந்தது. அக்டோபரில் அவர் நீக்கப்பட்டார். சாட்டிய குற்றங்களுள் முதன்மையானது, தேர்தல் நிதிக் கணக்கைப் பொய்யாகக் காட்டினார் என்பது. அவர் பொறிக்கு அடங்கியிருந்த வரை அக்கணக்கை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை. மெக்கின்டியின் பாலமும் அத்தகையதே. நாடு கடந்து ஓடியமைக்கும் முன்னோடி உண்டு. டாமனியின் தலைவர் வில்லியம் டுவீட் 1875-இல் காவலினின்று தப்பிக் கியூபா வழியாக ஸ்பெயின் சென்று, அங்குப் பிடிபட்டு மீண்டு, 1878-இல் சிறையிலேயே இறந்தார். அவரை வீழ்த்தியதில் தாமஸ் நாஸ்ட் வரைந்த கேலிச் சித்திரங்களுக்குப் பங்கு உண்டு என்பது வரலாற்றாசிரியர் பலர்க்கும் உடன்பாடு. டுவீட் செய்தது பிறரை எள்ளி நகுதற்கு இடமாயிற்று; மக்கள் அவரை நோக்கி நகைத்தனர், பின் நீக்கினர். மெக்கின்டியின் கதையில் நகைப்பு அவ்வாறு ஒருவனை நோக்கிச் செல்லவில்லை.

இப்படத்தை ஃபிராங்க் காப்ராவின் ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ என்னும் படத்தோடு ஒருங்கு வைத்து நோக்குதல் பயன் தரும். பின்னது 1939 அக்டோபரில் வெளிவந்தது. அதிலும் ஒரு பாஸ் உண்டு. அதிலும் மாநிலத்துக்குப் பெயரில்லை. அங்கு வெளியிலிருந்து வரும் தூயவன் ஒருவன் பொறியை எதிர்த்து நின்று, எதிராளியின் மனச்சான்றால் வெல்கின்றான். ஸ்டர்ஜஸின் நாயகனோ பொறியின் உள்ளிருந்தே பிறந்தவன். அவன் ஏறி நிற்கும் ஏணி பாஸுக்கு உரியது. ஏணியின் உச்சியில் நின்று அதனை வெட்டுவது எங்ஙனம்? நேர்மை கேடு பயக்கும் என்று இப்படம் கற்பிப்பதாகச் சிலர் குறை கூறுவர். அக்கூற்று பொருந்தாது. மெக்கின்டியைக் கெடுத்தது அவன் நேர்மை அன்று. அந்நேர்மைக்கு முந்திய கடன். காப்ராவின் படத்தைவிட இதுவே வரலாற்றுக்கு அணுக்கமானது என்போம்.

எனினும் இதற்கு மாறான வரலாறும் உண்டு. பெண்டர்காஸ்டின் ஆதரவோடு 1934-இல் செனட் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஹாரி ட்ரூமன். தம் கையைத் தூய்மையாக வைத்திருந்தார் என்றே பெரும்பாலோர் அவரை மதித்தனர். அவர் பொறியோடு முறித்துக்கொள்ளவும் இல்லை. 1945 ஜனவரியில் பெண்டர்காஸ்ட் இறந்தபோது, அப்போது துணைக் குடியரசுத் தலைவராயிருந்த ட்ரூமன், பலர் இகழ்ந்தும் இறுதிச் சடங்கிற்குச் சென்றார். மூன்று திங்களுக்குள் குடியரசுத் தலைவரானார். முறித்தவர் வீழ்ந்தார், முறியாதவர் உயர்ந்தார். ஸ்டர்ஜஸ் இதனை எழுதியிருப்பின் எவரும் நம்பியிரார்.

படத்தின் குறைகளையும் சொல்லுதல் கடன். வாக்காளர் என்போர் இதில் முகமுடையவராய் எங்கும் தோன்றவில்லை. அவர்கள் கூட்டமாகக் கத்துகின்றனர், அவ்வளவே. நெரிசற் குடியிருப்பைப் பற்றிக் கேதரின் பேசுகின்றார். அங்கு வாழும் ஒருவரேனும் பேசவில்லை. பிற்பகுதியில் இல்லறக் காட்சிகள் நீண்டு, அரசியல் நகைச்சுவையின் விரைவைத் தளர்த்துகின்றன. மேலும், 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட திரைப்பட ஒழுங்கு விதிகள் குற்றம் தண்டிக்கப்படாமற் போவதை விரும்பாமையின், அயல்நாட்டு மதுக்கடை என்னும் முடிவு ஓரளவு அவ்விதிகளுக்குத் தந்த விலை எனக் கருதவும் இடமுண்டு. ஸ்டர்ஜஸே பின்னர் 1944-இல் எடுத்த ‘ஹெயில் தி காங்கரிங் ஹீரோ’ என்னும் படத்தில், போர்வீரன் எனப் பொய்யாகக் கொண்டாடப்பட்டு மேயர் வேட்பாளனாக நிறுத்தப்படும் இளைஞன் மக்கள் முன் உண்மையைச் சொல்லிவிடுகின்றான். மக்கள் அவனையே மேயராக வேண்டுகின்றனர். நேர்மை அங்குக் கேடு பயக்கவில்லை. அவன் எவர்க்கும் கடன்பட்டிருக்கவில்லை என்பதை நோக்குக.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். எள்ளப்பட்டவன் நகுவானேன்? படத்தில் எள்ளப்படுவது பாஸும் மெக்கின்டியும் என மேலோட்டமாகத் தோன்றும். ஆயின் அவர்களோ தம் தொழிலைத் திறம்படச் செய்கின்றனர். அவர்பால் நமக்கு ஒருவகை விருப்பமும் உண்டாகின்றது. உண்மையில் எள்ளப்படுபவர், முப்பத்தேழு வாக்குகளுக்கு நடுவே தம் ஒரு வாக்கை நேர்மையாய் இட்டுவிட்டு வந்த குடிமக்கள். 1940 ஆகஸ்டில், ரூஸ்வெல்ட்டு மூன்றாம் முறையாக நின்ற தேர்தலுக்கு மூன்று திங்கள் முன்னர், அரங்கில் இருந்தவரும் அவரே. தாம் எள்ளப்பட்டதைத் தாமே கண்டு நகைத்தனர். அந்நகைப்பு வெகுளியாய் மாறாமைக்குக் காரணம், படம் வெகுளிக்கு உரிய இலக்கினைத் தரவில்லை என்பதே. நகரத்துக்குப் பெயரில்லை, கட்சிக்குப் பெயரில்லை, பாஸுக்கும் பெயரில்லை. நாஸ்டின் சித்திரத்தில் டுவீட்டின் முகம் இருந்தது. பேராசிரியர் இரு கூறாக்கிய வேறுபாடு இவ்விடத்தில் முகம் உண்மை, இன்மை என்னும் வேறுபாடாகவே நின்றுவிடுகின்றது.

ஸ்டர்ஜஸுக்கும் இக்கதை முடிந்துவிடவில்லை போலும். 1944 ஜனவரியில் வெளிவந்த ‘தி மிரக்கிள் ஆஃப் மார்கன்ஸ் கிரீக்’ என்னும் அவருடைய பிறிதொரு நகைச்சுவைப் படத்தில், சிற்றூர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவைக்கும் மாநில ஆளுநர் ஒருவர் வருகின்றார். அவர் மெக்கின்டி, நடித்தவர் டான்லெவியே. நாடு கடந்ததும் மதுக்கடையும் நிகழாதன போல் அவர் ஆளுநர் இருக்கையில் அமர்ந்து தொலைபேசியில் ஆணையிட்டுக் கொண்டிருக்கின்றார். அவர் அருகே நிற்பவன் பாஸ்.